மார்க்ஸ் மேசையைத் தட்டிய பிறகு வைட்லிங் என்ன ஆனார்?

இழையைத் தொடங்கிய கேள்வி

வில்ஹெல்ம் வைட்லிங் என்றொரு தையல்காரர், மார்க்ஸுக்கு முன்னால் ஜெர்மன் கம்யூனிஸ்டுகளிடையே பெரிய ஆளாக இருந்தாராம். 1846-ல் பிரஸ்ஸல்ஸில் மார்க்ஸ் மேசையைத் தட்டி "அறியாமை இதுவரை யாருக்கும் உதவியதில்லை" என்று கத்தினார், அதோடு ஆள் காணாமல் போய்விட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

மார்ச் 2, இரவு

நிறைய இருக்கிறது. ஆள் காணாமலும் போகவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 25 வருடம் உயிரோடு இருந்தார், பெரும்பகுதி நியூயார்க்கில். நமக்குக் கிடைப்பதெல்லாம் மார்க்ஸ் வரலாறுகளில் வரும் அரைப் பக்கம்தான். அதில் வைட்லிங் வருவார், திட்டு வாங்குவார், போவார்.

அடிப்படை விவரத்தை முதலில் போட்டுவிடுகிறேன். 1808 அக்டோபரில் மக்டபுர்க் நகரத்தில் பிறந்தார். ஊர் அப்போது நெப்போலியன் பிடியில். அம்மா வீட்டுவேலை செய்து பிழைத்தவர். அப்பா ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரி, கல்யாணம் ஆகவில்லை. 1812-ல் ரஷ்யாவுக்குப் போன படையோடு போனவர் திரும்பவே இல்லை. பையன் அம்மாவின் குடும்பப் பெயரோடு வளர்ந்து, பெண்கள் உடை தைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டான்.

அப்பா பெயர் இல்லாத பிள்ளை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூரிச் வழக்கில் அது வேலை செய்யும்.

மார்ச் 3, காலை

"புரட்சிக்கும் தையல் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேலியாகக் கேட்டிருக்கிறார். மெஷின் அப்போது பரவவில்லை. கையால்தான் தைத்தார்கள்.

சம்பந்தம் நிறையவே இருக்கிறது. ஜெர்மன் கைத்தொழிலில் பயிற்சி முடிந்தவன் உடனே கடை போட முடியாது. ஊர் ஊராகப் போய்ப் பல முதலாளிகளிடம் வேலை பார்க்க வேண்டும், இது பழைய வழக்கம். ஆனால் 1830களில் கடை போடும் நாள் பலருக்கு வராமலே போனது. லைப்சிக், வியன்னா, பாரிஸ் என்று நடந்துகொண்டே இருந்தார்கள். வைட்லிங் நடந்ததும் இதே பாதைதான்.

பாரிஸில் தையல் தொழில் எந்த அளவுக்கு ஜெர்மன்காரர்கள் கையில் இருந்தது என்பதற்கு ஏங்கெல்ஸ் பிற்காலத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். நார்வேயின் டிராண்ட்ஹைமிலிருந்து கப்பலேறி நேரே பாரிஸ் வந்த ஒரு தையல்காரர், பதினெட்டு மாதத்தில் பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூடச் சரியாகக் கற்கவில்லை, ஜெர்மன் மட்டும் அருமையாகப் பேசினாராம். தொழிலிடத்தில் அதைத்தான் பேசினார்கள்.

இன்னொரு காரணம் எனக்குத் தெரிந்தது. எங்கப்பா தையல்கடை வைத்திருந்தவர். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். எங்கள் கடையில் காஜா (பட்டன் துளை) எடுக்கும் பையன்தான் பேப்பரைச் சத்தமாகப் படிப்பான், மற்றவர்கள் தைத்துக்கொண்டே தலையங்கத்தோடு சண்டை போடுவார்கள். கொல்லன் பட்டறையில் இது நடக்காது, சத்தத்தில் எதுவும் கேட்காது. தையல்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சுருட்டுச் சுற்றுபவர்கள் எல்லா நாட்டிலும் அரசியல் பேசியதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மார்ச் 3, மதியம்

பாரிஸில் இருந்த ஜெர்மன் தொழிலாளர்களின் ரகசிய அமைப்புதான் நீதியாளர் கழகம், 1836 வாக்கில் உருவானது. மனிதகுலம் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நூலை வைட்லிங் கழகத்துக்காக எழுதிக் கொடுத்தார். 1838-ல் வந்தது. உறுப்பினர்களே காசு போட்டு, ராத்திரியில் தாங்களே அச்சுக் கோத்து 2000 பிரதி அடித்தார்கள். பகலில் முழு வேலை பார்த்தவர்கள் இவர்கள்.

1847-ல் கம்யூனிஸ்ட் கழகம் என்று பெயர் மாறியதே, மார்க்ஸும் ஏங்கெல்ஸும் 'கம்யூனிஸ்ட் அறிக்கை' எழுதிக் கொடுத்தார்களே, அது இதே அமைப்புதான். அறிக்கை வருவதற்குப் பத்து வருடம் முன்னாலேயே ஒரு தையல்காரர் அந்த வேலையை ஒருமுறை செய்து கொடுத்திருந்தார். மட்டமாகச் செய்தார் என்று நீங்கள் சொல்லலாம். செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

மார்ச் 3, இரவு

"மார்க்ஸுக்குப் பொறாமை" என்று எழுதிய நண்பருக்கு: இல்லைங்க. 1844-ல் மார்க்ஸ் இவரை வாயாரப் பாராட்டினார். ஜெர்மன் தொழிலாளர்களின் பிரமாதமான இலக்கிய அரங்கேற்றம் என்றார். பாட்டாளி வர்க்கத்தின் இந்த ராட்சதக் குழந்தைச் செருப்பையும், ஜெர்மன் முதலாளி வர்க்கத்தின் தேய்ந்துபோன குள்ளச் செருப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றார். இரண்டே வருடத்தில் அதே ஆளை மேசையைத் தட்டி விரட்டினார். இதற்குப் பொறாமை என்ற ஒற்றை வார்த்தை போதாது.

மார்ச் 5, காலை

மார்க்ஸ் பாராட்டிய நூல் 1842-ல் சுவிட்சர்லாந்தின் வெவேயில் வெளியான 'இசைவுக்கும் சுதந்திரத்துக்குமான உத்தரவாதங்கள்'. அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

பணம் ஒழிய வேண்டும். எல்லாரும் நாளுக்கு ஆறு மணி நேரம் அவசியமான வேலை செய்ய வேண்டும், அதற்குச் சோறு, துணி, வீடு எல்லாருக்கும் சமம். அதற்கு மேல் ஒருவருக்கு நல்ல ஒயினோ கடிகாரமோ வேண்டுமென்றால் கூடுதல் நேரம் வேலை செய்து, அதை ஒரு கையேட்டில் பதிந்துகொண்டு, அந்த மணிக்கணக்குக்கு வாங்கிக்கொள்ளலாம். ஓவர்டைம் போட்டால் ஆடம்பரம், அவ்வளவுதான். பீஸ் ரேட்டுக்கு வேலை பார்த்த ஒருவர் யோசித்த சொர்க்கம் என்று படித்தவுடன் தெரியும். சோம்பேறியை என்ன செய்வது, ஆசைக்காரனை என்ன செய்வது என்று பட்டறையில் வரும் கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறார்.

ஆட்சி பற்றிய பகுதி எனக்குப் பிடிக்காது. ஓட்டுப் போடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உச்சியில் மூன்று மேதைகள், அறிவால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்த மூவரில் ஒருவர் யார் என்று அவர் மனதில் நினைத்திருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இதைவிட வில்லங்கமான ஒன்றும் உண்டு. நகரத்துத் திருடர்களையும் கைவிடப்பட்டவர்களையும் திரட்டிச் சொத்துரிமையோடு ஒரு கொரில்லாப் போர் நடத்தலாம் என்று கழகத் தோழர்களுக்கே எழுதினார். தோழர்கள் மிரண்டு போனார்கள். ராத்திரி அச்சுக் கோத்த அதே கௌரவமான தொழிலாளிகள்தான், திருடன் என்ற பேச்சே வேண்டாம் என்று விட்டார்கள்.

மார்ச் 5, இரவு

சுவிட்சர்லாந்தில் இவர் செய்ததில் எனக்கு உண்மையிலேயே பிடித்தது அந்த நூல் இல்லை, சாப்பாட்டுக் கூடங்கள். ஊர் விட்டு ஊர் வந்த ஜெர்மன் தொழிலாளிகள் சேர்ந்து பொருள் வாங்கி, சேர்ந்து சமைத்து, மலிவாகச் சாப்பிட ஏற்பாடு செய்தார். சாப்பிட வந்தவன் அங்கேயே பத்திரிகை படித்தான், சங்கத்திலும் சேர்ந்தான். பத்திரிகையை ஆசிரியராக இருந்து நடத்தியதும் இவர்தான். முதலில் 1841-ல் ஒரு மாத இதழ், அப்புறம் 'இளைய தலைமுறை' என்று பெயர் மாற்றி 1843 வரை.

சங்க வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கூட்டத்துக்கு ஆள் வர வேண்டுமென்றால் டீயாவது இருக்க வேண்டும்.

மார்ச் 6

ஜூரிச். 1843.

'ஒரு ஏழைப் பாவியின் சுவிசேஷம்' என்று ஒரு புத்தகம் எழுதி, முன்பணம் திரட்ட அறிவிப்பு அடித்தார். இயேசு ஒரு ஏழை, தகப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளை, பொதுவுடைமை பேசியவர், பாவிகளோடும் பெண்களோடும் ஊர் ஊராகச் சுற்றியவர் என்று வாதம். பைபிள் வசனங்களை வைத்தே வாதாடினார். அம்மா பெயரில் வளர்ந்தவர் இதை எழுதும்போது தன்னையே எழுதுகிறார் என்று தோன்றாமல் இருக்காது. அந்த வருடம் ஜூன் மாத இரவொன்றில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தெய்வநிந்தனையும் சேர்ந்த வழக்கு. கீழ்க் கோர்ட்டில் ஆறு மாதம், மேல்முறையீட்டில் பத்து மாதமாக ஏற்றினார்கள். முடிந்ததும் எல்லைக்குக் கொண்டுபோய், அவர் பிறந்த ஊரை அப்போது ஆண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவிடம் ஒப்படைத்தார்கள்.

வேடிக்கை இனிமேல்தான். ஜூரிச் அரசு, வைட்லிங்கிடம் பிடித்த காகிதங்களை வைத்து ஒரு அறிக்கை வெளியிட்டது. எழுதியவர் புளுன்ச்லி என்ற சட்ட அறிஞர். கம்யூனிஸ்டுகள் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று காட்ட அவர்கள் எழுத்தையே பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டார். விளைவு, பத்திரிகைக்குச் சந்தா கட்டாதவனுக்கெல்லாம் அரசாங்கச் செலவில் கம்யூனிசம் கிடைத்தது.

அந்தக் காகிதங்களில், பிற்காலத்தில் அராஜகவாதத் தலைவராகப் பேர் வாங்கிய ரஷ்யர் பக்கூனின் என்பவரின் பெயரும் இருந்தது. அவர் அப்போது ஜூரிச்சில் வைட்லிங்கைச் சந்தித்திருந்தார். ரஷ்ய அரசு உடனே ஊருக்குத் திரும்பச் சொன்னது, அவர் மறுத்தார். 1844-ல் அவருடைய பிரபுப் பட்டத்தைப் பறித்து, ஆள் இல்லாமலே சைபீரியத் தண்டனையும் விதித்தார்கள். ஒரு தையல்காரரின் காகிதக்கட்டு எத்தனை பேரை எங்கெங்கே தள்ளியிருக்கிறது பாருங்கள்.

மார்ச் 6, கொஞ்ச நேரம் கழித்து

ஹைனே விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடும்.

விடுதலையான பிறகு 1844-ல் ஹாம்புர்க்கில் கவிஞர் ஹைனேயும் வைட்லிங்கும் ஒரு புத்தகக் கடையில் சந்தித்தார்கள். கம்பே என்ற பதிப்பாளரின் கடை, இருவருக்கும் அவரே பதிப்பாளர். ஹைனே நின்றுகொண்டிருந்தார். வைட்லிங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தொப்பியைக் கழற்றவில்லை. ஒரு முழங்காலை மோவாய் வரைக்கும் தூக்கி வைத்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே தேய்த்துக்கொண்டே பேசினார். ஏன் தேய்க்கிறீர்கள் என்று விசாரித்தபோது, சிறையில் சங்கிலி போட்டிருந்தார்கள், வளையம் சில சமயம் இறுக்கமாக இருக்கும், அந்த அரிப்பு பழகிவிட்டது என்றார்.

ஹைனே பின்வாங்கினார். பத்து வருடம் கழித்து அதை அவரே எழுதினார். முன்ஸ்டர் நகரத்தில் லைடன் ஜான் என்ற பதினாறாம் நூற்றாண்டுக் கலகக்காரர் கட்டப்பட்டிருந்த சங்கிலியை முத்தமிட்டவன் நான், உயிரோடு இருக்கும் தையல்காரரைக் கண்டு அருவருத்தேன் என்று. லைடன் ஜானும் தையல்காரர்தான். இப்படித் தன்னையே காட்டிக்கொடுக்க ஒரு நேர்மை வேண்டும், அதற்காக ஹைனேயை மன்னித்துவிடலாம்.

மார்ச் 8, இரவு

சரி, மேசை.

1846 மார்ச் 30, பிரஸ்ஸல்ஸ். நமக்கு இருக்கும் முக்கியச் சாட்சி அன்னென்கோவ் என்ற ரஷ்யர், விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தவர். வைட்லிங்கைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம். பொன்னிற முடி, அழகாக வெட்டிய கோட்டு, ஒழுங்காகச் சீவிய சின்னத் தாடி. கசந்துபோன தொழிலாளி மாதிரி இல்லை, ஊர் சுற்றும் வியாபாரப் பிரதிநிதி மாதிரி இருந்தார் என்று எழுதுகிறார். தையல்காரர் நல்ல கோட்டு போட்டால் அதிலென்ன ஆச்சரியம்? இவர்கள் எதிர்பார்த்த தொழிலாளி கிழிசலோடுதான் வர வேண்டும் போலிருக்கிறது.

மார்க்ஸ் நேரே கேட்டார்: உங்கள் பிரச்சாரத்தை நம்பித் தொழிலாளிகள் வேலையையும் சோற்றையும் இழந்திருக்கிறார்கள், எந்த அடிப்படையில் இதைச் செய்கிறீர்கள்? வைட்லிங் வழவழவென்று பேசினார். இடைமறித்தார்கள். கடைசியில் கோபம் வந்து, எனக்கு நாட்டின் மூலை முடுக்கிலிருந்து நூற்றுக்கணக்கில் நன்றிக் கடிதம் வருகிறது, துன்பப்படும் ஜனங்களை விட்டுத் தூரமாக உட்கார்ந்து செய்யும் விமர்சனத்தைவிட என் எளிய வேலை மேல் என்றார். அப்போதுதான் மார்க்ஸ் மேசையில் குத்தினார், விளக்கு ஆடியது, அந்தப் பிரசித்தி பெற்ற வாக்கியம் வந்தது.

இதைப் படிக்கும்போது என் மனம் முதலில் வைட்லிங் பக்கம்தான் சாயும். சங்கக் கூட்டமொன்றில் பட்டம் வாங்கிய ஒரு தோழர், லூம் ஓட்டும் ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் "புள்ளிவிவரம் இல்லாமல் பேசாதீர்கள்" என்று அடக்கியதைப் பார்த்திருக்கிறேன். பெரியவர் அப்புறம் கூட்டத்துக்கு வந்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தோழர் சொன்ன புள்ளிவிவரம் சரிதான்.

மார்ச் 9, காலை

நேற்று எழுதியதை மறுபடி யோசித்தேன். பெரியவரையும் வைட்லிங்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பெரியவருக்குப் பின்னால் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. வைட்லிங்கை நம்பிப் பலர் போனார்கள். மார்க்ஸ் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்கு வைட்லிங்கிடம் பதில் இல்லை. நன்றிக் கடிதம் பதில் ஆகாது.

ஏங்கெல்ஸ் 1885-ல் எழுதும்போது, அந்த வயதில் வைட்லிங் பழைய வெள்ளந்தித் தையல்காரனாக இல்லை, சொர்க்கத்தைப் பூமியில் கொண்டுவரும் மருந்துச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லாரும் அதைத் திருட வருகிறார்கள் என்று நினைத்த பெரிய மனிதர் ஆகிவிட்டார் என்கிறார். நியாயமான வர்ணனைதான். ஆனால் மார்க்ஸ் அவரிடம் கிட்டத்தட்ட மனித சக்திக்கு மீறிய பொறுமை காட்டினார் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். விளக்கு ஆடியதைப் பார்த்தவர் எழுதி வைத்த பிறகும்!

மார்ச் 9, மாலை

கேள்வி கேட்டவருக்கு இன்னொரு விஷயம். ஃபிரெடெரிக் லெஸ்னர் என்று ஒரு தையல்காரர், 'கம்யூனிஸ்ட் அறிக்கை' கையெழுத்துப் பிரதியை லண்டனில் அச்சகத்துக்கு எடுத்துப்போனவர், கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட கொலோன் வழக்கில் 1852-ல் மூன்று வருடச் சிறை வாங்கியவர், கடைசிவரை மார்க்ஸ் குடும்பத்து நண்பர். அவரை இந்தப் பக்கம் இழுத்ததே ஹாம்புர்க்கில் வேலை பார்க்கும்போது படித்த வைட்லிங்கின் 'உத்தரவாதங்கள்'தான். மார்க்ஸிடம் போய்ச் சேர்ந்த பல தொழிலாளிகள் வைட்லிங் வழியாகத்தான் வந்தார்கள். இது அந்த அரைப் பக்கத்தில் வராது.

மார்ச் 11

இனி அமெரிக்கா, வேகமாக.

1846 கடைசியில் நியூயார்க் போனார். 1848-ல் புரட்சி என்று கேள்விப்பட்டதும் ஓடிவந்தார். கொலோனில் அறிவாளிகளின் சர்வாதிகாரம் வேண்டும் என்று பேசினார், அதே சங்கத்தில் மார்க்ஸ் மறுத்துப் பேசினார். (ஆமாம், மார்க்ஸ்தான் மறுத்தவர். மார்க்ஸைச் சர்வாதிகாரத்தோடு சேர்த்துப் பேசும் பிற்காலச் சண்டைகளை வைத்து இதைப் படிப்பவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்ளலாம்.) பெர்லினில் ஒரு பத்திரிகை தொடங்கினார், ஐந்தே இதழ். 1849-ல் மறுபடி நியூயார்க்.

அங்கே 1850 முதல் 1855 வரை 'தொழிலாளர் குடியரசு' என்ற பத்திரிகை. 1850 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் ஜெர்மன் தொழிலாளர் மாநாடு. மையத் திட்டம் ஒரு பரிமாற்ற வங்கி: செய்த பொருளைக் கொண்டுவந்து போடு, அதன் மதிப்புக்குச் சீட்டு வாங்கு, சீட்டைக் கொடுத்து வேண்டியதை எடு, இடைத்தரகன் வேண்டாம். அதை வைத்துப் பசிபிக் கடல் வரை ரயில் பாதையே போடலாம் என்று கணக்குப் போட்டார். ரயில் பாதை வேறு ஆட்களால், வேறு பணத்தால் வந்தது.

அயோவா மாநிலத்தின் கிளேட்டன் கவுண்டியில் கம்யூனியா என்று ஒரு கூட்டுக் குடியிருப்பு. தொடங்கியது வேறு சிலர், 1851-ல் வைட்லிங்கின் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்தது. சங்கப் பணம் அதில் போனது, சண்டை வந்தது, யார் பெயரில் நிலம், யார் கடன் என்று கோர்ட் வரைக்கும் போனது. தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய சந்தா அது. சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் ஏமாந்தவர்கள் திட்ட ஒரு முகம் இருக்கும். இங்கே யாரும் ஓடவில்லை, யாரும் தின்னவில்லை, பணம் மட்டும் போய்விட்டது. அவரும் அரசியலை விட்டார்.

மார்ச் 12, இரவு

"கடைசியில் குமாஸ்தா ஆகி வீழ்ந்தார்" என்று ஒருவர் எழுதியதில் எனக்குக் கோபம். 1854-ல் கல்யாணம், ஆறு பிள்ளைகள். கப்பலில் வந்து இறங்குபவர்களைப் பதியும் காசில் கார்டன் நிலையத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். தானே அகதியாக இறங்கியவர், இறங்குபவர்களின் பெயரை எழுதினார். இதில் என்ன வீழ்ச்சி?

அதோடு ஒரு கண்டுபிடிப்பாளர். தையல் மெஷினில் காஜா எடுக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். இது என்ன பெரிய விஷயம் என்பவர்கள் ஒரு சட்டைக்குக் கையால் காஜா எடுத்துப் பாருங்கள். துணியை வெட்டினால் நூல் பிரியும். பிரிவதற்குள் ஓரம் முழுக்க நெருக்கமாக முடிச்சுப் போட்டுக்கொண்டே வர வேண்டும், ஒவ்வொரு முடிச்சும் வெட்டின விளிம்பில் சரியாக உட்கார வேண்டும், இரண்டு முனையிலும் இழுபடும் இடத்தில் குறுக்கே கட்ட வேண்டும். நேர்த் தையலை மெஷின் சுலபமாகச் செய்துவிட்டது, காஜாவில்தான் திணறியது. அதனால்தான் எங்கள் கடையில் மெஷின் வந்து எத்தனையோ வருடம் கழித்தும் காஜாவுக்கென்று தனியாக ஒரு பையன் இருந்தான். கொஞ்ச காலம் அந்தப் பையன் நான். விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தித் தோல் மரத்துவிடும்.

தொழில் தெரிந்தவருக்குத்தான் மெஷின் எங்கே தோற்கிறது என்று தெரியும். வைட்லிங் போய்க் கை வைத்தது அந்த இடத்தில்தான். கருவியைப் பெரிய கம்பெனி திருடிவிட்டது என்று பிற்காலத்தில் புகார் சொன்னார், பணம் கைக்கு வரவில்லை. ஏங்கெல்ஸ் சொன்ன அதே சந்தேகப் புத்திதான் என்று தள்ளிவிடலாம். காப்புரிமை வழக்கில் ஏழைக் கண்டுபிடிப்பாளர்கள் பட்ட பாட்டைப் படித்த பிறகு என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை.

மார்ச் 13

1871 ஜனவரி 22-ல் நியூயார்க்கில் அகிலத்தின் (சர்வதேசத் தொழிலாளர் சங்கம்) ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலக் கிளைகள் சேர்ந்து நடத்திய விழாவுக்குப் போயிருந்தார். ஜனவரி 25-ல் இறந்தார். குடும்பத்துக்கு எதுவும் மிச்சமில்லை. அகிலம் மார்க்ஸ் வழிநடத்திய அமைப்பு என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. போனார், அவ்வளவுதான்.

மார்ச் 14

"இவ்வளவு புத்திசாலியை ஏன் முழுசாகப் புகழ மாட்டேன் என்கிறீர்கள்?"

ஏனென்றால் இதே புத்திசாலி தன் பிற்காலத்தில் பிரபஞ்சத்தின் நடுவில் பூமிதான் இருக்கிறது என்று நம்பி, அதற்குத் தனியாக ஒரு வானியலே எழுதினார். கோப்பர்நிகஸ் செத்து முந்நூறு வருடம் கழித்து. படிப்பாளிகள் யாரும் மதிக்கவில்லை, அதையும் சதி என்றே எடுத்துக்கொண்டார். காஜா கருவியில் பிழை இருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். வானியலில் அவரைத் திருத்தப் பக்கத்தில் யாருமில்லை, கம்யூனியாவிலும் இல்லை. பிரஸ்ஸல்ஸில் ஒருவர் இருந்தார், அவர் மேசையைத் தட்டிவிட்டார்.

லெஸ்னர் பற்றிக் கேட்டவர் தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன். எக்காரியஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அகிலத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். அவரும் தையல்காரர்தான்.